பதினெட்டில் நின்ற கோடு

திருவொற்றியூரில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தப் பெண் முதன்முதலாக வந்தபோது, ஏதோ விலாசம் விசாரிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எங்களிடம் வருகிறவர்கள் கப்பல் ரிப்பேர்காரர்கள், ரசாயனக் கம்பெனி மேஸ்திரிகள், டேங்கர் லாரிக்காரர்கள். தோளில் ஒரு பை, கையில் சுருட்டிய டிராயிங், இப்படி ஒரு பெண் அந்த வாசலில் நின்று நான் பார்த்ததில்லை.

முதலாளி ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, "இன்னாம்மா, காலேஜ் ப்ராஜெக்டா? கேட்டு, கிரில்லுல்லாம் இங்க பண்றதில்ல," என்றார்.

"கேட்டு இல்லண்ணா. வேக்கம் சேம்பர், எஸ்.எஸ்.ல. நானும் ராயபுரம்தான், ரொம்ப கலாய்க்காதீங்க," என்றாள் அவள்.

முதலாளி சிரித்துவிட்டார். டீ சொன்னார்.

அவள் அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினவர். அவள் நகரத்தின் தெற்கே ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கொரோனா எல்லாம் ஓய்ந்து, ஆராய்ச்சிக்கூடம் திறந்து, வேலையைத் தொடங்கலாம் என்ற நேரம். அவளுடைய பேராசிரியர் இந்தச் சேம்பரை வெளியூரில் ஒரு பெரிய கம்பெனியில் செய்யக் கொடுக்கலாம் என்றிருக்கிறார். இவள்தான், எங்கள் பக்கத்திலேயே எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதில் பாதி நாட்களில் செய்வார்கள், நான் பொறுப்பு என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறாள். இதை அவளே டீ குடித்துக்கொண்டு சொன்னாள். நான் ஓரமாக நின்று டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். டிராயிங்கில் இருக்கும் இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. கோடும் குறியும் எண்ணும் தெரியும். இருபத்தெட்டு வருடமாக ஆர்கான் வெல்டிங். வெல்டிங் மாஸ்க்கைக் கீழே இறக்கிக்கொண்டால் நம்மிடம் யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் எழாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வயதானால் சரியாகும் என்றார்கள், ஆகவில்லை.

சேம்பர் என்பது பார்க்கக் கல்யாண வீட்டு அண்டா போல இருக்கும். மேலும் கீழும் மூடி. சுற்றிலும் பதினொரு கிளைக்குழாய்கள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு வட்டத் தகடு. அதன் வழியாகப் பம்பு, கண்ணாடி ஜன்னல், மின்கம்பி எல்லாம் பொருத்துவார்கள்.

"இதுல பிரியாணி போட்டா எத்தினி பேர் துன்னலாம்?" என்றார் முதலாளி.

"உள்ள காத்தே இருக்காதுண்ணா. பிரியாணிக்கு எங்க போறது," என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, டிராயிங்கில் ஒரு குறியைத் தொட்டுக் காட்டினாள். "அண்ணா, வெல்டிங் எல்லாம் உள்பக்கம் மட்டும். வெளிய முழுசா அடிக்கக் கூடாது. பிடிப்புக்கு வேணும்னா அங்கங்க ஒரு பொட்டு வைங்க, போதும்."

எங்கள் பழக்கம் அதற்கு நேர் எதிர். கப்பல் வேலையில் உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. இரண்டு பக்கமும் அடித்திருந்தால்தான் மேஸ்திரி ஒப்புக்கொள்வார். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் அடிச்சா நடுவுல ஒரு சந்து மாட்டிக்கும்ணா. அதுக்குள்ள இருக்கற காத்து, ஈரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்துகினே இருக்கும். வெளிய இருந்து தேடினா ஓட்டையே தெரியாது. மாசக்கணக்குல உயிர எடுத்துடும்."

எனக்குப் புரிந்தது. எனக்குப் புரியவில்லை என்று நான் பிறகு என்னிடமே சொல்லிக்கொள்ள முடியாதபடி நன்றாகப் புரிந்தது.

பத்துக் குழாய்கள் ஒழுங்காக வந்தன. பதினொன்றாவது கட்டைவிரல் பருமன் உள்ளது. அடிப்பக்கம் சாய்வாக ஏறும். உள்ளே அந்த மூலைக்கு வெல்டிங் டார்ச்சின் கழுத்து நேராகப் போகவில்லை. ஒரு சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து அடித்தேன். கண்ணாடி பார்த்து அடிக்கும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். கை பழகியிருந்தால் வரும். எனக்குப் பழக்கம்தான்.

எல்லாம் முடிந்ததும் நாங்கள் எப்போதும் செய்வதைச் செய்தேன். சேம்பரில் தண்ணீர் நிரப்பி, எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினேன். பாய்லர் ஆனாலும் டேங்க் ஆனாலும் எங்கள் பரீட்சை இதுதான். வேர்க்காமல் நின்றால் பாஸ். இதற்கு அப்படிப் பார்க்கச் சொல்லி அவள் சொல்லவில்லை. பார்க்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை, யாராவது இப்படிச் செய்வார்கள் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது.

அந்தப் பதினொன்றாவது குழாயின் அடியில் ஒரு சொட்டு வேர்த்தது. துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வேர்த்தது.

உள்ளே ஊசித்துளை இருக்கிறது என்று அர்த்தம். குழாயை வெட்டி எடுத்து, விளிம்பைச் சுத்தம் செய்து, திரும்ப வைத்து அடிக்க வேண்டும். முதலாளி மணலியில் ஒரு டேங்க் வேலையில் இருந்தார். போன் செய்தேன்.

"வேர்க்குதா? வெளிய ஒரு ரவுண்டு வுட்டு கிரைண்டிங் அட்ச்சுடு மாமு. அந்தப் பொண்ணு வண்டி எட்த்துகினு வந்துகினு கீது," என்றார். பின்னால் சுத்தியல் சத்தம். வைத்துவிட்டார்.

அவருக்கு விஷயம் தெரியாது. அன்று அவள் காரணம் சொன்னபோது அவர் டீக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். தெரிந்தவன் நான் ஒருவன்தான். தண்ணீரை வடித்தேன். காற்றடித்து உலர்த்தினேன். வெளியே ஒரு சுற்று அடித்தேன். கிரைண்டரால் சமமாக்கி, பஃப் போட்டு, மற்ற பத்துக் குழாய்களைப் போலவே பளபளவென்று ஆக்கினேன். பிறகு மறுபடி தண்ணீர் ஏற்றிப் பார்த்தேன். வேர்க்கவில்லை. எங்கள் தொழிலில் வேர்வை நின்றால் வேலை முடிந்தது.

மதியம் அவள் குட்டி யானை வண்டியோடு வந்தாள். மூடியைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே விரலால் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சூப்பர்ணா. எல்லாம் உள்பக்கம் மட்டும்தானே?"

நான் தலையை ஆட்டினேன்.

*

சில மாதம் கழித்து அவளே போன் செய்தாள். "சேம்பர் மாட்டியாச்சுண்ணா. பம்பு போட்டா பிரஷர் சூப்பரா இறங்குது. நீங்க செஞ்சது என்ன வேலைக்கு ஆகுதுன்னு வந்து பாருங்க." என் வேலையை வந்து பார் என்று இதுவரை என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நாங்கள் செய்தது எங்கேயோ ஒரு கம்பெனி மதிலுக்குள் போய்விடும், அவ்வளவுதான். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மெட்ரோவில் போனேன்.

ஆராய்ச்சிக்கூடம் குளிராக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வேறு செருப்பு. ஒரு பெரிய மேஜை முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஓரத்தில் நான் செய்த சேம்பர் வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கும் கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். முகத்துக்கு முன்னால் ஏதாவது இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

"இது லேசர்ணா. தொடர்ந்து எரியற விளக்கு மாதிரி இல்ல. துடிப்பு துடிப்பா வரும். ஒரு துடிப்பு எவ்ளோ நேரம் தெரியுமா? ஒரு செகண்ட ஆயிரம் துண்டு போடுங்க. அதுல ஒரு துண்ட எடுத்து மறுபடி ஆயிரம். இப்படி அஞ்சு வாட்டி. கடைசியா வர்ற துண்டு மாதிரி ஒரு முப்பது சேர்ந்தா ஒரு துடிப்பு."

நான் மனதுக்குள் மூன்றாவது ஆயிரத்திலேயே நின்றுவிட்டேன்.

ஒரு லென்ஸை வழியில் வைத்தாள். வெறும் காற்றில், எதுவுமே இல்லாத இடத்தில், அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் பொறி தோன்றி நின்றது. வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம்.

"இது இன்னான்னு உங்களுக்குத் தெரியும்ணா," என்றாள்.

"ஆர்க் மாரி கீது," என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை.

"அதேதான்! ஆர்கான்ல இருந்து எலக்ட்ரான பிடுங்கிட்டு, அந்த வழியா கரண்ட் வுட்றீங்க இல்ல, அதான் உங்க ஆர்க். இத்தன வருஷமா நீங்க பண்றதத்தான் நான் இங்க வெளிச்சத்த வெச்சுப் பண்றேன்."

என் தொழிலைப் பற்றி எனக்கு ஒருவர் சொன்னதில் அதுதான் பெரியது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒளிக்குள் மின்சாரத்தின் இழுப்பு ஒன்று இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கிறது. சாதாரண விளக்கில் அது ரொம்பச் சன்னம், யாரையும் ஒன்றும் செய்யாது. அதே ஒளியைக் குவித்து, அத்தனை சின்ன நேரத்துக்குள் கொட்டினால், அந்த இழுப்பு மூலக்கூறு தன் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் பிடிப்புக்குச் சமமாகிவிடும். எலக்ட்ரானைச் சுற்றி இருக்கும் சுவர் ஒரு பக்கம் சாய்ந்து மெலியும். எலக்ட்ரான் அதன் மேல் ஏறிக் குதிக்காமல் ஊடாகவே வெளியே வந்துவிடும். ஒன்று போனால் மூலக்கூறு சில சமயம் தாங்கும். இரண்டு, மூன்று போனால் மிச்சம் இருப்பதெல்லாம் பிளஸ். பிளஸ்ஸும் பிளஸ்ஸும் ஒன்றை ஒன்று தள்ளும். மூலக்கூறு வெடித்துத் துண்டுகளாகப் பறக்கும்.

"எதுக்கு இவ்ளோ வேகமா அடிக்கணும்?" என்று கேட்டேன். கேட்ட பிறகு எனக்கே ஆச்சரியம்.

"மெதுவா அடிச்சா, உடையற நேரத்துக்குள்ள அது ஆடி அசைஞ்சு வேற உருவம் ஆயிடும்ணா. டக்குனு அடிச்சா, அது நகர்றதுக்குள்ள எலக்ட்ரான் போயிடும். அப்புறம் எந்தத் துண்டு எந்தப் பக்கம் எவ்ளோ வேகமா பறக்குதுன்னு பாத்து, உடையறதுக்கு முன்னாடி எப்படி நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கலாம். ஹைட்ரஜன் மட்டும் ரொம்ப லேசு. அது அந்த நேரத்துலயும் இடம் மாறி ஓடிடும். அந்த ஓட்டத்தப் பிடிக்கறதுதான் என் வேலை."

அவள் உடைத்துப் பார்த்த மூலக்கூறு எத்தனால்.

"சரக்குல கீதே, அதா?"

"அதேதான். ஆனா வாசனைகூட பாக்க முடியாது, அவ்ளோ கம்மி," என்று சிரித்தாள்.

பறக்கும் துண்டுகளை ஒரே அளவு மின்னழுத்தம் கொடுத்து ஒரு குழாய் வழியாகத் தள்ளுகிறார்கள். எண்ணூர் ரோட்டில் சிக்னல் விழுந்தால் மொபெட் முதலில் பாய்ந்துவிடும், கன்டெய்னர் டிரைலர் கடைசியில் நகரும். அதே மாதிரிதான், எடை குறைந்த துண்டு முதலில் போய்ச் சேரும். சேரும் நேரத்தை வைத்து எடையைச் சொல்லிவிடலாம். கம்ப்யூட்டர் திரையில் அந்த எடைகள் கோடுகோடாக நின்றன. "இது ஒண்ணு, ஹைட்ரஜன். இது பன்னெண்டு, கார்பன்," என்று விரலை நகர்த்திக்கொண்டே போனவள், ஒரு உயரமான கோட்டில் நின்றாள். "இதுதான்ணா என் பிரச்சன. பதினெட்டு."

பதினெட்டு என்றால் தண்ணீர்.

எத்தனால் உடையும்போது ஒரு ஹைட்ரஜன் இடம் மாறி, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியோடு ஒட்டிக்கொண்டு, தண்ணீராகவே கழன்று போகிறதா என்பதுதான் அவள் கேள்வி. போனால் பதினெட்டில் ஒரு கோடு வரும், அதன் ஜோடித் துண்டு இருபத்தெட்டில் வரும். இரண்டும் வந்தன. ஆனால் சேம்பருக்குள் ஏற்கெனவே ஈரம் இருந்தாலும் பதினெட்டு வரும். மிச்சக் காற்று இருந்தால் அதில் உள்ள நைட்ரஜன் இருபத்தெட்டிலேயே வந்து உட்காரும்.

"ஜோடி பாத்துப் பிரிக்கலாம்ணா. ஒண்ணா உடைஞ்ச ரெண்டும் எதிரெதிரா பறக்கும். ஆனா கூட்டம் கம்மியா இருந்தாத்தான் அதெல்லாம். தீபாவளிக்கு முன்னாடி வண்ணாரப்பேட்டைல போய் யாரு யாரு கூட வந்தாங்கன்னு சொல்ல முடியுமா?"

ஆராய்ச்சியில் சேர்ந்ததிலிருந்து அவள் போட்ட மூன்று வருட உழைப்பு அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்பதில் நின்றது. உதவித்தொகை இன்னும் ஒரு வருடம்தான் என்றும் சொன்னாள்.

என் கண் வெள்ளித்தாள் சுற்றிய சேம்பரின் அடிப்பக்கம் போனது. சாய்வுக்குழாய் அங்கேதான் இருந்தது. உள்ளே ஊசித்துளை. வெளியே நான் அடைத்த சுற்று. நடுவில் சந்து. ஒவ்வொரு முறை அவர்கள் சேம்பரைத் திறக்கும்போதும் அந்தச் சந்து நம் ஊர்க் காற்றைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூடிப் பம்பு போட்ட பிறகு, அவள் அன்று பட்டறையில் சொன்ன மாதிரியே, கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

சொல்லிவிட வேண்டும் என்று மாஸ்க் போல இருந்த அந்தக் கண்ணாடியைக் கழற்றினேன். அதே நேரம் பேராசிரியர் உள்ளே வந்தார். அவள் எழுந்து, "சார், இவர்தான் நம்ம சேம்பர் பண்ணவரு," என்றாள். பிறகு, நான் சங்கடப்படக் கூடாது என்று நினைத்திருப்பாள், "வெல்டிங்ல ஒண்ணுமே இல்ல சார். ஹீலியம் அடிச்சு எல்லா ஜாயிண்ட்டும் பாத்துட்டேன், ஒண்ணுகூட லீக் இல்ல," என்றாள். வெளிப்பக்கம் நான் அடைத்திருக்கும்போது, வெளியிலிருந்து அந்த வாயுவை அடித்தால் எப்படித் தெரியும்?

அவர் என் கையைக் குலுக்கினார். நான் தலையை ஆட்டினேன்.

மெட்ரோவில் திரும்பி வரும்போது மனைவியிடம் சொல்ல வைத்திருந்த ஆர்க் விஷயம் மறந்துபோயிருந்தது.

*

அதன் பிறகு அவள் பட்ட பாடு எனக்குப் போனில் துண்டு துண்டாக வந்தது. பம்பு எண்ணெய் மாற்றினாள். சீல் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றினாள். சேம்பரைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டி நாள்கணக்கில் சுட்டாள்; ஜன்னல் தாங்காது என்று ரொம்பச் சூடேற்றவும் முடியவில்லை. சுட்டால் கோடு இறங்கும். ஏதாவது மாற்றத் திறந்து மூடினால் மறுபடி ஏறும். எத்தனாலிலேயே தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று அதை வடித்துப் பார்த்தாள். எனக்கு எதற்கு இதையெல்லாம் சொன்னாள் என்றால், அங்கே அவளோடு ராயபுரம் பாஷையில் புலம்ப ஆள் இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து காலடிப்பேட்டை பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். போன் வந்தது.

"அண்ணா, ஒரு டவுட்டு. தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு தண்ணி ரொப்பி டெஸ்ட் எதாவது பண்ணீங்களா?"

டிரைலர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டேன், கேட்காத மாதிரி. அவள் மறுபடி கேட்டாள்.

"இல்லமா," என்றேன்.

"சரி சரி. சும்மா கேட்டேன். சாரிண்ணா," என்றாள்.

அன்று தலையை ஆட்டியதையாவது கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். இது பொய். வாய் எழாதவன் என்று பெயர் வாங்கிய எனக்கு, பொய்க்கு மட்டும் வாய் எழுந்தது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னா, மீனு நல்லால்லியா? இல்ல யார்னா எதுனா சொன்னாங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் மட்டும் எனக்குப் பேச வரும். ஊசித்துளை, சந்து, எல்லாம் புரிந்ததா தெரியவில்லை. கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணு திட்டுமா?"

"திட்டாது."

"அப்ப இன்னாத்துக்கு பயம்? போன போடு. தப்பு பண்ட்டேன்மான்னு சொல்லு. இதுக்கு இன்னா பட்ச்சிட்டா வரணும்?"

திட்ட மாட்டாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் என் வேலையை நம்பி, தன் பேராசிரியரிடம் பொறுப்பேற்று நின்றவள். நான் வாயைத் திறந்தால் அவர் முன்னால் அவள்தான் தலைகுனிவாள் என்று ஒரு நியாயம் செய்துகொண்டேன். அது நியாயம் இல்லை, நான் தள்ளிப்போட ஒரு காரணம், அவ்வளவுதான். நாளைக்கு என்றேன். நாளைக்கு என்றால் எத்தனை நாள் என்று எனக்கும் தெரியாமல் மழைக்காலம் போனது, வெயில் வந்தது.

*

அடுத்து அவள் பட்டறைக்கு வந்தபோது கையில் ஒரு ஸ்வீட் பெட்டி இருந்தது.

"ஆய்வேடு குடுத்துட்டேன்ணா. முடிஞ்சிது," என்றாள்.

முதலாளி மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப இனிமே டாக்டரம்மா. எனக்கு முட்டி வலிக்குது, பாரும்மா," என்றார்.

"அந்த டாக்டர் இல்லண்ணா. ஒடைக்கத்தான் தெரியும், ஒட்டத் தெரியாது," என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

என்னிடம் பெட்டியை நீட்டினாள். நான் பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டேன். "அந்தப் பதினெட்டு இன்னாச்சும்மா?"

"எடுத்துட்டேன்ணா. அந்த அத்தியாயத்தையே எடுத்துட்டேன். கார்பன் கார்பன் பிரியறத மட்டும் வெச்சு ஒப்பேத்தியாச்சு. சாரும், நிரூபிக்க முடியாதத எழுதாதன்னுட்டாரு. கரெக்ட்டுதானே?" சொல்லும்போது பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "அது மூலக்கூறுல இருந்துதான் வருதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும்ணா. ஆனா தெரியும்னு எழுத முடியாதில்ல."

பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை அணைக்கச் சொன்னேன். திரும்பி வந்து சொன்னேன். தண்ணீர் நிரப்பியது, வேர்த்தது, வெளியே அடைத்தது, பாலீஷ் போட்டது, தலையை ஆட்டியது, போனில் பொய் சொன்னது. வரிசை மாறாமல் சொன்னேன். இத்தனை நாள் எனக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது.

முதலில் அவள் சிரித்தாள், நான் கலாய்க்கிறேன் என்று நினைத்து. நான் யாரையும் கலாய்ப்பவன் இல்லை என்பது பிறகு நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு அடங்கியது.

முதலாளி, "மாமு, அது நான் சொல்லித்தானே..." என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எந்தக் குழாய்ணா?" என்று அவள் கேட்டாள்.

தரையில் கிடந்த தகட்டில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். உள்பக்கம் ஒரு புள்ளி, வெளியே ஒரு வளையம், நடுவில் சந்து. அவள் குனிந்து போனில் அதைப் படம் எடுத்தாள். இரண்டு படம், ஒன்று ஆடிவிட்டது போலிருக்கிறது. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"அப்பாவும் இப்படித்தான்ணா. வின்ச்சுல கம்பி நைஞ்சிருந்தாலும் சொல்ல மாட்டாரு, ஃபோர்மேன் என்ன நெனப்பாரோன்னு," என்று மட்டும் சொன்னாள். திட்டவில்லை. பஸ் ஸ்டாப் வரை கூடப் போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

*

இரண்டு வாரத்தில் கல்லூரியிலிருந்து சேம்பர் திரும்பி வந்தது. அவள் இடத்தில் சேர்ந்திருந்த வேறொரு மாணவன் கொண்டுவந்தான். அவள் அனுப்பியதாக ஒரு தாள் கொடுத்தான். தமிழில் எழுதியிருந்தாள்: தண்ணீர் டெஸ்ட் வேண்டாம், உள்பக்கம் மட்டும், முடிந்ததும் ஹீலியம் வைத்து இங்கே பார்த்துக்கொள்கிறார்கள். கீழே பெயர்கூட இல்லை.

குழாயை அறுத்து எடுத்தேன். சந்துக்குள் பழுப்பாகக் கறை படிந்திருந்தது, டம்ளரின் அடியில் டீ காய்ந்து நிற்பதைப் போல. துளை கண்ணுக்குத் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தேன். விளிம்பைச் சுத்தம் செய்தேன். இந்த முறை டார்ச்சின் கழுத்தையே வளைத்துக்கொண்டேன்; முதல் தடவையே அதைச் செய்திருக்கலாம். உள்ளே ஒரு சுற்று. வெளியே மூன்று பொட்டு. வெளிப்பக்கம் அரைகுறையாகத்தான் தெரிந்தது. அப்படியே விட்டேன்.

மழை தொடங்கும் சமயத்தில் ஒரு போன். அவள்தான். தெற்கே ஒரு ஊரில் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாளாம். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"பதினெட்டு இறங்கிடுச்சுண்ணா. தரையோட தரையா. ஆனா முழுசா போகல. சின்னதா நிக்குது. இருபத்தெட்டோட ஜோடி போட்டுப் பாத்தா எதிரெதிரா சுத்தமா பறக்குது. மூலக்கூறுல இருந்துதான் வருது."

"நீ சொன்ன மாரியே," என்றேன்.

"ஆமா. இப்ப இருக்கற பையன் எழுதறான். என் பேரு ரெண்டாவதா போடுவாங்க. அளந்தது அவன்தானே, அது சரிதான்." பிறகு சொன்னாள். "வேற ஊர்ல மேல ஆராய்ச்சிக்குக் கேட்டிருந்தேன்ணா. அந்த அத்தியாயம் இருந்திருந்தா எடுத்திருப்பாங்க. இல்லாமயும் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்."

"மன்னிச்சுடும்மா," என்றேன். சத்தம் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் வேறொன்று கேட்டாள்.

"அத சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சுண்ணா?"

ரெண்டு நாள் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பெரிய வேலை, அன்றைக்கு அவசரத்தில் முடிந்திருக்காது என்று அவளும் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

"காலைல டீ குட்ச்சுட்டு ஆரம்பிச்சேன்மா. சாப்பாட்டு மணிக்கு முன்னாடி முட்ஞ்சிச்சு."

போனில் யாரோ அவளை "மிஸ்" என்று கூப்பிட்டார்கள்.

"சரிண்ணா," என்றாள். வைத்துவிட்டாள்.